பெரியாற்றணையும் பருவக் கணக்கும்

மூணாற்றில் ஆடி மழை அடித்துக் கொட்டும் நாளிலே, நாற்பது கிலோமீட்டர் கீழிறங்கி மறையூரை அடைந்தால் வெயில் காய்வதைக் காணலாம். ஆனைமுடித் தொடரின் மழை மறைவில் அமைந்த ஊர் அது. கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. அவற்றுள் ஒன்றான பாம்பாறு, மறையூர்ப் பக்கமாக இறங்கி அமராவதியிற் கலந்து தமிழ்நாட்டு வயல்களுக்குப் பயன்படுகிறது.

பாம்பாற்றுக்கு இயற்கை வகுத்துத் தந்த கிழக்கு வழியை, அதே இடுக்கி மாவட்டத்தின் தென்கோடியிலே பெரியாற்றுக்கு மனிதர் வகுக்க வேண்டியிருந்தது. மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் நீரை மதுரைச் சீமைக்குத் திருப்பலாம் என்ற எண்ணம் 1789-லேயே சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு உதித்தது. 1808-இல் ஆராய்ந்த காப்டன் கால்டுவெல், இது நடவாத காரியம் என்று ஒதுக்கிவிட்டார். 1850-இல் தொடங்கிய சிறு முயற்சி, நோயினாலும் கூலிப் பிணக்கினாலும் நின்றது. 1876-இல் தொடங்கிய கொடும் பஞ்சம் காலத்தை மேலும் தள்ளிவிட்டது. 1882-இல் பொறுப்பேற்ற பென்னிகுயிக் புதிய திட்டம் வகுத்தார். 1886-இல் திருவிதாங்கூருடன் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கிற்று.

பணி எளிதன்று. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரத்துக்கு, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணை எழுப்ப வேண்டும்; மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டவேண்டும். ஆளும் குறைவு, பொருளும் குறைவு. ஆனால், எல்லாவற்றினும் அரிதாயிருந்தது நாள். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் அடுத்தடுத்து வந்து ஆற்றைப் பெருக்கும். ஆறு வற்றிய பின்னரே அடித்தளத்தில் கைவைக்க இயலும். அப்படி வற்றும் கோடையிலோ காட்டுக் காய்ச்சல் வந்து ஆட்களை விரட்டும். வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் இடையே எஞ்சிய சில வாரங்களே உண்மையான மூலதனம்.

நேயர்களே, இங்கேதான் வேலைகளை வரிசைப்படுத்தும் கலை தேவைப்படுகிறது. சுரங்கம் வெட்டுவதற்கு ஆறு வற்ற வேண்டுவதில்லை. பாதை அமைப்பதும், கல்லும் சுண்ணாம்பும் மலைமேல் கொண்டு சேர்ப்பதும் அத்தகையனவே. ஆற்றின் தயவை வேண்டி நிற்கும் வேலை ஒன்றே. மற்றவை அதற்குமுன் முடிந்து காத்திருக்க வேண்டும். வண்டி தாமதித்தால் ஒரு நாள் போகும். வற்றிய ஆற்றருகே சுண்ணாம்பின்றி நின்றாலோ ஓராண்டே போய்விடும்.

இவ்வளவு கணக்கிட்டும் வெள்ளம் பொய்க்கவில்லை. சென்னைப் பயனீர் படையினரும் கொச்சித் தச்சர்களும் அமைத்த தற்காலிகத் தடுப்புகளை அது மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. மனைவியின் நகைகளை விற்றுப் பென்னிகுயிக் பணியைத் தொடர்ந்தார் என்பது மக்கள் சொல்லிவரும் கதை. கதை எவ்வாறாயினும், இழந்ததை மீண்டும் கட்டினர் என்பது வரலாறு. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

இதற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே இக்கலை ஏட்டில் ஏறியது. 1958-இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கென ஒரு முறையை வகுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கால அளவுகள் குறிப்பார்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல் நடந்தால், யாவும் கெட்டால். பின்னர், ஒன்றையொன்று பற்றி நிற்கும் வேலைகளுள் மிக நீண்ட தொடரைக் கண்டு, அதனையே கண்ணுங் கருத்துமாகக் காப்பார்கள். பெரியாற்றில் அந்தத் தொடர் ஆற்றுப்படுகையின் வழியே சென்றது.

அரசாங்க மதிப்பீடுகளை மொழிபெயர்ப்பது என் அன்றாடத் தொழில். அவற்றின் இறுதியில் ‘எதிர்பாராச் செலவு’ என்று ஒரு வரி வரும். பெரியாற்றிலே அந்த வரியின்கீழ் அடங்காத செலவு ஒன்றுண்டு. நோயினால் மாண்ட நானூற்றுக்கும் மேற்பட்டோர் அணையருகே அடக்கமாயினர். கம்பம் பள்ளத்தாக்கிலே பென்னிகுயிக்கின் பிறந்தநாளாகிய ஜனவரி 15 அன்று பொங்கலிடும் மக்கள், அவரை மறக்கவில்லை. ஊரைவிட்டு வெளிமாநிலங்களில் உழைத்து வாழும் நாம், ஊரைவிட்டு மலையேறிய அந்தப் பெயர் தெரியாத உழைப்பாளிகளையும் அவருடன் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.