பெயரில்லாத பேரேடு

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பெயரில்லாத கணக்கு உறுத்தத்தான் செய்யும். 2003இல் கம்பத்தில் என் மதினி பிள்ளை உண்டாகியிருந்தபோது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

1998 முதல் நாடெங்கும் நடந்த எச்.ஐ.வி. கண்காணிப்பின் முறை இதுதான்: கர்ப்பிணிகளிடம் மேகநோய்ச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் மிஞ்சியதை, பெயரைக் களைந்து, எண் மட்டும் ஒட்டிச் சோதிப்பது. மையத்துக்கு 400 குழாய்கள். நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் மாவட்டம் முதல் வகை. 2006இல் வகை பிரித்தபோது தேனி அதில் இருந்தது. குமுளி ஏறும் லாரிகளைக் குற்றம் சொன்னார்கள். அந்த லாரிகளில் போனது நம் திராட்சையும் வாழையும்தான்.

இதைக் குரூரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. பெயர் எழுதிய பேரேடுகள் இதைவிட மோசம். 1868ஆம் வருஷத்துத் தொற்றுநோய்ச் சட்டம் விலைமகளிரைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் ஆஸ்பத்திரியில் அடைத்தது. அவர்களிடம் வந்துபோன சிப்பாய்க்கு அதில் பக்கமே கிடையாது. 1888இல்தான் அது ஒழிந்தது.

1986இல் சென்னை. சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காவல் இல்லத்தில் அடைபட்டிருந்த எண்பதுக்கு மேற்பட்ட பெண்களிடம், கையுறைகூட இல்லாமல், ரத்தம் எடுத்தார். ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில் ஆறு குழாய்கள் மஞ்சளாயின. மே மாதம் மந்திரி ஹண்டே சட்டசபையில் அறிவித்தார். எதைத் தேடுகிறேன் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பிற்பாடு ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்களாம். சரித்திரத்தில் டாக்டர்கள் இருவரின் பெயர் நிற்கிறது, நியாயமாகவே. அந்த ஆறு பேர்?

இத்தனைக்கும் பிறகு பெயரில்லாத எண் ஒரு நாகரிகமாகவே தோன்றியிருக்கும். போலீஸ் தேடி வராது. ஆனால் நர்ஸும் தேடி வர முடியாது. பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிராபின் மாத்திரை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்து: தொற்றும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகும் என்று 1999இல் உகாண்டா ஆய்வு காட்டிவிட்டது. தனியாகச் சோதனைக்கு உட்பட்டவளுக்கு அது கிடைக்க வழியிருந்தது. 400இல் ஒருத்தியாக மட்டும் இருந்தவளின் குழாய்க்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

2018இல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் சம்மதமில்லாத சோதனையைத் தடுக்கிறது. பெயரில்லாக் கண்காணிப்புக்கு விலக்கு உண்டு. அதிலும் ஒரு நிபந்தனை: ஆய்வின் நோக்கத்தைச் சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லியாக வேண்டும். சம்மதம் வேண்டாம், தகவல் போதும்.

இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"என் ரத்தமும் அதுல இருந்துச்சா தம்பி?"

இருந்திருக்கலாம் என்றேன்.

"எத்தனாவது நம்பர்?"