மந்திரக் கஷாயம் இல்லாத கிராமம்

பி.காம். இரண்டாம் வருடத்தில் டிமாண்ட், சப்ளை, விலைவீழ்ச்சி என்று எங்களுக்கு மாதக்கணக்கில் பாடம் நடத்தினார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிட்டேன். ஆனால், விஷயம் மண்டையில் ஏறியது என்னவோ, தெருமுனை லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்த ஒரு காமிக்ஸ் புத்தகத்தில்தான். அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தின் பெயர், 'ஒபெலிக்ஸ் அண்ட் கோ'. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆஸ்டெரிக்ஸ் தெரியுமல்லவா உங்களுக்கு? குள்ளமான உருவம், மஞ்சள் மீசை, இறக்கை வைத்த தலைக்கவசம். பக்கத்திலேயே பீப்பாய் மாதிரி ஒபெலிக்ஸ். எந்தக் கதையைத் திறந்தாலும் முதலில் ஒரு வரைபடம் இருக்கும். கி.மு. 50. இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய கௌல் தேசம் முழுக்க ஜூலியஸ் சீஸரின் பிடியில். வடமேற்குக் கடலோரத்தில் மட்டும் ஒரு பூதக்கண்ணாடி. அதற்குள் ஒரு குட்டிக் கிராமம். சுற்றிலும் நான்கு ரோமானிய ராணுவ முகாம்கள். அந்த ஒரு கிராமத்தை மட்டும் ரோமால் பிடிக்க முடியவில்லை. காரணம், ஊர்ப் பூசாரி கெட்டாஃபிக்ஸ் காய்ச்சித் தரும் மந்திரக் கஷாயம். ஒரு மடக்கு குடித்தால் போதும், சோனிகூட பத்து சிப்பாய்களைப் பந்தாடுவான்.

சரி, நிஜத்தில் அப்படி ஒரு கிராமம் இருந்ததா?

கிட்டத்தட்ட இருந்தது. அதன் முடிவு காமிக்ஸ் மாதிரி இல்லை.

கதை நடக்கும் ஆர்மோரிகா, இன்றைய பிரிட்டனி. அந்தக் கடலோரத்தில் வெனெட்டி என்றொரு இனம் வாழ்ந்தது. கடல் வணிகத்தில் கெட்டிக்காரர்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைகளில் ஊர்களைக் கட்டியிருந்தார்கள். அலை ஏறினால் தரைப்படை கிட்டே நெருங்க முடியாது. அலை இறங்கினால் எதிரியின் கப்பல் தரைதட்டிவிடும். எல்லாவற்றையும் மீறி எதிரி உள்ளே வந்துவிட்டால்? மூட்டை முடிச்சுகளோடு கப்பலேறி அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள். சீஸர் எத்தனை ஊரைப் பிடித்தாலும் காலி ஊர்தான் கையில் கிடைத்தது.

கி.மு. 56. தானியம் கேட்டு வந்த ரோமானிய அதிகாரிகளை வெனெட்டிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். சீஸர் லுவார் நதியில் கப்பல் கட்டச் சொன்னார். வெனெட்டிகளின் கப்பல்கள் கனமான ஓக் மரத்தில் செய்தவை, பாய்கள் தோலில். மோதினால் உடையாது. ரோமானியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீண்ட கழிகளின் நுனியில் அரிவாள் போன்ற கொக்கிகளைக் கட்டி, பாய்மரக் கயிறுகளை அறுத்தார்கள். பாய் சரிந்ததும் கப்பல் வெறும் மரக்கட்டை. போதாக்குறைக்கு, தப்பி ஓடப் பார்த்த நேரத்தில் காற்றும் நின்றுபோனது. ஒரே நாளில் கதை முடிந்தது.

பிறகு சீஸர் செய்ததை அவரே தன் போர்க் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். வெனெட்டிகளின் சபைப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் மரண தண்டனை. மற்றவர்கள் அடிமைகளாக ஏலத்துக்கு. அந்தக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய டெசிமஸ் புரூட்டஸ்தான், பன்னிரண்டு வருடம் கழித்து சீஸரைக் குத்திக் கொன்றவர்களில் ஒருவர் என்பது தனிக்கதை.

ஆக, ஆஸ்டெரிக்ஸ் கதை தொடங்கும் கி.மு. 50-ல், நிஜ ஆர்மோரிகாவில் எதிர்த்து நிற்க யாரும் மிச்சமில்லை. வான் என்ற ஊரின் பெயரில் மட்டும் வெனெட்டிகளின் நினைவு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கஷாயம் இல்லாததால்தான் தோற்றார்களா? அங்கேதான் சுவாரஸ்யம் இருக்கிறது.

கி.மு. 61 வாக்கில், ரோம் செனட் சபைக்கு ஒரு கௌலியர் வந்தார். பெயர் டிவிசியாகஸ். ஏடுயி என்ற இனத்தின் பெரிய புள்ளி. உட்கார ஆசனம் கொடுத்தார்கள்; மறுத்துவிட்டுத் தன் கேடயத்தில் சாய்ந்து நின்றபடியே பேசினார் என்கிறது பிற்காலக் குறிப்பு ஒன்று. எதற்காக வந்தார்? பக்கத்து இனம் ஜெர்மானியர்களைக் கூட்டிவந்து தங்களை அடித்து நொறுக்கிவிட்டது, ரோம் உதவ வேண்டும் என்று கேட்பதற்காக. அந்த முறை வெறுங்கையோடுதான் திரும்பினார். ஆனால் கி.மு. 58-ல், கௌலியத் தலைவர்கள் சார்பில் சீஸரிடமே முறையிட்டார். சீஸர் உள்ளே வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை.

இந்த டிவிசியாகஸ் யார் தெரியுமா? ஒரு ட்ரூயிட். அதாவது, கெட்டாஃபிக்ஸ் மாதிரி பூசாரி. அவர் ட்ரூயிட் என்பதை நமக்குச் சொல்வது அவரோடு பேசிப் பழகிய சிசரோ. காமிக்ஸில் ரோமைத் தடுத்து நிறுத்துபவர் பூசாரி. சரித்திரத்தில் ரோமைக் கூப்பிட்டதே ஒரு பூசாரி!

அவரைத் துரோகி என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். எதிரி வாசலில் நிற்கிறான், பக்கத்து வீட்டுக்காரனே அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான். அந்த நிலையில் பலசாலி ஒருவனை உதவிக்கு அழைப்பது அவருக்கு நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால், சொந்தத் தம்பிக்கே அது நியாயமாகப் படவில்லை. தம்பி டும்னோரிக்ஸ், ரோமைக் கடைசி வரை வெறுத்தவன். முதல் முறை சிக்கியபோது அண்ணன் சீஸரின் முன்னால் அழுது மன்றாடிக் காப்பாற்றினார். கி.மு. 54-ல், சீஸர் பிரிட்டனுக்குப் படையெடுத்தபோது தம்பி உடன்வர மறுத்து முகாமிலிருந்து தப்பினான். குதிரைப்படை துரத்திப் போய் வெட்டிக் கொன்றது.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி. கௌல் முழுக்க இதே கதைதான். கி.மு. 52-ல் வெர்சிஞ்செடோரிக்ஸ் என்ற இளைஞன் பெரும்பாலான இனங்களை ஒன்றுசேர்த்தான். கெர்கோவியாவில் சீஸரையே தோற்கடித்தான். (பெயரில் வரும் 'ரிக்ஸ்' என்றால் அந்த மொழியில் அரசன். காமிக்ஸில் எல்லார் பெயரும் 'இக்ஸ்' என்று முடிவது இதை வைத்துத்தான்.) ஆனால் காலம் கடந்துவிட்டது. அலேசியா குன்றில் அவனைச் சுற்றி வளைத்து, உள்ளே இருப்பவர்களை அடக்க ஒரு அரண், வெளியிலிருந்து வரும் உதவியைத் தடுக்க இன்னொரு அரண் என்று இரட்டை வளையம் கட்டினார் சீஸர். சரணடைந்தவன், ஆறு வருடம் ரோம் சிறையில் கிடந்தான். கி.மு. 46-ல், வெற்றி ஊர்வலத்தில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டு, பிறகு கொல்லப்பட்டான்.

அலேசியாவில் பிடிபட்டவர்களை சீஸர் தன் வீரர்களுக்குத் தலைக்கு ஒரு அடிமை என்று பங்குபோட்டார். இரண்டு இனத்தாரை மட்டும் தனியே பிரித்துவைத்து, வீட்டுக்கு அனுப்பினார். ஒன்று, ஏடுயி. இன்னொன்று, வெர்சிஞ்செடோரிக்ஸின் சொந்த இனம். ஏன்? நாளைக்கு அவர்கள் தனக்கு வேண்டப்பட்டவர்களாக இருப்பார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து வயிறெரிவார்கள். வாளால் ஜெயித்ததைக் கணக்குப் போட்டுக் காப்பாற்றுவது என்றால் இதுதான்.

இப்போது காமிக்ஸுக்குத் திரும்புவோம்.

1959-ம் வருடக் கோடைக்காலம். பாரீஸை ஒட்டிய பொபின்யியில் ஒரு ஃப்ளாட். கதாசிரியர் ரெனே கோஸினியும் ஓவியர் ஆல்பெர் உடெர்ஸோவும் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். 'பிலோட்' என்ற புதுப் பத்திரிகைக்கு அசல் பிரெஞ்சுத் தொடர் ஒன்று உடனே வேண்டும். பழைய நரிக்கதையை எடுக்கலாம் என்றால் அதை ஏற்கெனவே ஒருவர் செய்துவிட்டார். சரித்திரத்தை முதலிலிருந்து புரட்டியதில், கௌலியர்களிடம் வந்து நின்றார்கள். கிராமம் எங்கே இருக்க வேண்டும் என்பதை கோஸினி நண்பரிடமே விட்டுவிட்டார். ஒரே நிபந்தனை, பக்கத்தில் கடல் வேண்டும். போர்க்காலத்தில் பிரிட்டனியில் தங்கியிருந்த உடெர்ஸோ அந்த மண்ணையே தேர்ந்தெடுத்தார். அக்டோபர் 29 அன்று முதல் இதழ் வெளிவந்தது. 1961-ல் முதல் புத்தகம் அச்சானது 6,000 பிரதிகள். இன்றோ, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில், 37 கோடிப் பிரதிகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கௌலிய வீரத்தைக் கொண்டாடிய இருவருமே கௌலிய வம்சம் இல்லை. உடெர்ஸோவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ரோமானியர்களை அடி வாங்க வைத்தவர் ரோமானிய மண்ணின் பிள்ளை! கோஸினியோ போலந்து, உக்ரைன் பின்னணி கொண்ட யூதக் குடும்பம். சின்ன வயதிலேயே அர்ஜென்டினா போய்விட்டார்கள்.

இவர்கள் படைத்த கிராமத்தின் நிர்வாகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? வரி கிடையாது. சிறை கிடையாது. தலைவர் ஒருவர் உண்டு; கேடயத்தின் மேல் நின்று பவனி வருவார், அடிக்கடி கீழே விழுவார். பேச்சைக் கேட்கத்தான் ஆள் இல்லை. மீன்காரர் வாசலில் கடல் இருக்க, மீனை லுட்டேஷியாவிலிருந்து தருவிப்பார். அது நாறுகிறது என்பார் கொல்லர். ஊரே மீனால் அடித்துக்கொள்ளும்.

ஆனால் கஷாயம் விஷயத்தில் மட்டும் ஒழுங்கு உண்டு. ஒரே அண்டா, ஒரே வரிசை. சிறுவயதில் அண்டாவுக்குள்ளேயே விழுந்த ஒபெலிக்ஸுக்கு மட்டும் கிடையாது. குடித்த பலம் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். ரெசிப்பி தெரிந்த பூசாரிக்கோ பதவி ஆசை இல்லை. அந்தக் கஷாயத்தை வைத்து அடுத்த ஊரைப் பிடிக்கலாம் என்று யாரும் யோசிப்பதும் இல்லை.

அடித்துப் பிடிக்க முடியாது என்று காமிக்ஸ் சீஸருக்குப் புரிந்ததும் என்ன செய்கிறார்? நிஜ சீஸர் செய்ததைத்தான். 1970-ல் வந்த கதையில், சண்டை மூட்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒருவனை அனுப்புகிறார். அவன் ஆஸ்டெரிக்ஸிடம் ஒரு பூஜாடியைக் கொடுத்து, ஊரிலேயே முக்கியமானவருக்கு என்கிறான். அவ்வளவுதான். அப்படியானால் நான் யார் என்கிறார் தலைவர். சந்தேகம் ஏற ஏற, பேசும் வசனக் குமிழ்கள் பச்சை நிறமாகின்றன. 1971-ல் வந்தது இன்னொரு வழி. கிராமத்தை ஒட்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. குடிவந்த ரோமானியர்கள் மீன் வாங்க வர, ஊரே கடை போட்டு ஒருவரோடொருவர் விலைப் போட்டியில் இறங்குகிறது.

1976-ல் வந்ததுதான் எனக்குப் பாடம் சொன்ன 'ஒபெலிக்ஸ் அண்ட் கோ'. ரோமின் பொருளாதாரப் பள்ளியில் படித்த ஓர் இளைஞன் சீஸரிடம் யோசனை சொல்கிறான்: அவர்களைப் பணக்காரர்களாக்கிவிட்டால் சண்டை போட நேரம் இருக்காது. (பிரான்ஸின் அப்போதைய பிரதமர் ஜாக் ஷிராக்கின் சாயலில்தான் அவனை உடெர்ஸோ வரைந்தார்.) ஒபெலிக்ஸ் செதுக்கும் நடுகல்லை, எதற்கென்றே தெரியாத கல்லை, கேட்ட விலைக்கு வாங்குகிறான். வாங்க வாங்க விலையை ஏற்றுகிறான். ஒபெலிக்ஸ் ஆள் வைக்கிறான், பகட்டு உடை போடுகிறான், பன்றி வேட்டைக்குப் போக நேரம் இல்லை என்கிறான். ஆஸ்டெரிக்ஸ் ஊரில் மற்றவர்களையும் அதே தொழிலில் இறக்கிவிடுகிறான். ரோமில் கல் மலைபோலக் குவிகிறது. விளம்பரம் செய்து பணக்காரர்கள் தலையில் கட்டினால், உள்ளூரிலேயே மலிவு விலைக் கல் கிளம்புகிறது. கடைசியில் சந்தை சரிந்து, சீஸரின் கஜானா காலி.

மூன்று முறையும் கிராமம் விழுந்துவிடும் போலத்தான் தெரிகிறது. மூன்று முறையும் கஷாயத்துக்கு முன்னால் வேறொன்று அதைக் காப்பாற்றுகிறது. எவ்வளவு அடித்துக்கொண்டாலும், தீர்த்துவைக்கச் சொல்லி எவரும் முகாமுக்குப் போவதில்லை. நிஜ கௌலியர்கள் போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த வித்தியாசத்தை எழுதிய கோஸினியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1943 கடைசியில் அப்பா திடீரென்று இறந்துபோக, பதினேழு வயதில் டயர் கம்பெனி ஒன்றில் உதவிக் கணக்கராக வேலைக்குப் போனவர் அவர். அதே வருடங்களில், கடலுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் சகோதரர்கள் உட்பட உறவினர்கள் பலர் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். அந்த பிரான்ஸில் எதிர்த்து நின்றவர்களும் இருந்தார்கள், ஜெர்மானியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களும் இருந்தார்கள். ஆஸ்டெரிக்ஸுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம், சிரிக்க வைக்கத்தான் எழுதினேன் என்பதே அவர் நிலை. நாமும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் அவர் எழுதிய போர்களில் ஒரு ரோமானியச் சிப்பாய்கூடச் சாவதில்லை என்பதை மட்டும் கவனியுங்கள். செருப்பும் தலைக்கவசமும் தரையில் கிடக்கும். ஆள் அடுத்த பக்கத்தில் கண் வீங்கி எழுந்து வருவான்.

1977 நவம்பரில், டாக்டரிடம் இதயப் பரிசோதனைக்குப் போன இடத்திலேயே கோஸினி இறந்தார். வயது 51. பாதியில் நின்ற கதையின் மீதிப் பக்கங்களில் உடெர்ஸோ மழை பெய்ய வைத்தார். உடெர்ஸோ 2020-ல் காலமானார். கிராமம் புதிய கைகளில் தொடர்கிறது.

அடுத்த முறை ஆஸ்டெரிக்ஸ் கையில் கிடைத்தால், கடைசிப் பக்கத்தின் விருந்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். காலையில் மீனால் அடித்துக்கொண்ட இருவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். டிவிசியாகஸும் டும்னோரிக்ஸும் அப்படி ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால், சீஸருக்கு வேலை கொஞ்சம் கஷ்டமாகியிருக்கும்.