எண்ணியல் அறிஞர் சிவசங்கரநாராயண பிள்ளை

கணித மேதை என்றவுடன் நம்மவர் நாவில் எழுவது இராமானுஜன் பெயர் ஒன்றே. அது இயல்புதான். ஆயினும், அவருக்குப் பின் அதே எண்ணியலில் அரியதொரு வெற்றியை ஈட்டி, வாழ்வின் கடைசி எட்டு ஆண்டுகளைக் கல்கத்தாவில் கழித்த எஸ். எஸ். பிள்ளையை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயையும், பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் கைகொடுத்திராவிடில் அவர் படிப்பு அத்துடன் நின்றிருக்கும். திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அவருடைய சிறந்த ஆராய்ச்சிகள் சிதம்பரத்தில் விளைந்தவையே.

எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டுத் தொகையாக எழுதலாம். கன எண்களாயின் ஒன்பது போதும். மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும்? 1770-இல் இங்கிலாந்தின் வாரிங் எழுப்பிய வினா இது. ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். 1, 64, 729 என அவ்வெண்கள் வளர்கின்றன. 703 என்பது 729-க்குக் குறைந்தது. ஆகவே 64-ஐயும் 1-ஐயும் கொண்டே அதை ஆக்க வேண்டும். பத்து அறுபத்து நான்குகள் 640. எஞ்சிய 63-க்கு 63 ஒன்றுகள். ஆக 73 எண்கள். இதுவரை பள்ளிச் சிறுவனுக்கும் எளிது. எவ்வளவு பெரிய எண்ணாயினும் 73-க்கு மேல் வேண்டியதில்லை என்று நிறுவுவதன்றோ கடினம்! 1940-இல் பிள்ளை அதனை நிறுவினார். அதற்கு முன்பே, 1936-ஐ ஒட்டி, ஏழு முதலான அடுக்குகளுக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட விடையையும் கண்டிருந்தார். அமெரிக்கரான டிக்ஸன் தனியே அதே முடிவை அடைந்தார். நான்காம் அடுக்குக்கு 19 போதும் என்பது 1986-இல்தான் உறுதியாயிற்று என்பதைக் கொண்டு இத்துறையின் கடுமையை உணரலாம்.

1941-இல் திருவிதாங்கூருக்கும், மறு ஆண்டு பேராசிரியர் லெவியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தாவுக்கும் சென்றார். பஞ்சமும் கலவரமும் அந்நகரை அலைக்கழித்த ஆண்டுகள் அவை. 1950-இல் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. ஆகஸ்டு 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கிற்று. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு வயது 49.

அவர் விட்டுச் சென்ற ஊகம் ஒன்று உண்டு. 4, 8, 9, 16, 25, 27 என வரும் அடுக்கெண்களில், குறிப்பிட்ட ஒரு வித்தியாசத்தில் அமையும் இணைகள் எண்ணி முடிக்கத்தக்கவையே என்பது அது. வித்தியாசம் 1 எனில் 8, 9 அன்றி வேறு இணை இல்லை என்று 2002-இல் மிஹைலெஸ்கு நிறுவினார். வித்தியாசம் 2 என்றால்கூட நிரூபணம் இன்னும் எவருக்கும் கிட்டவில்லை.