உபயகாரர் இல்லாத இசை

இசைக்கு விலை கொடுத்துக் கேட்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தவரிடையே மிகப் பிந்தியே வந்தது. ஒரு மனித ஆயுட்காலத்துக்குள் அது மறைந்தும் போயிற்று. கைத்தொலைபேசியில் ஆயிரம் பாடல்களைக் காசின்றித் தரவிறக்கி வைத்திருக்கும் மாணவனைக் காணும் முதியோர், "சும்மா கிடைக்கிற பொருளுக்கு மதிப்பில்லை" என்று சலித்துக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். இக்கூற்று வரலாற்றுக்கு ஒத்ததா என்று நோக்குதல் வேண்டும். ஏனெனில், அவ்வாறு சலித்துக்கொள்ளும் முதியோரே தம் வாழ்நாளிற் கேட்ட மிகச் சிறந்த இசையை ஒரு சதமும் கொடாது கேட்டவர்கள்.

நமது கோயில்களில் வருடாந்த உற்சவத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு குறிச்சியினருக்கோ உரிய 'திருவிழா'வாகும். அந்நாளின் செலவை ஏற்பவர் உபயகாரர். மூன்றாந் திருவிழாக்காரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தால், நாலாந் திருவிழாக்காரர் நான்கு கூட்டம் பிடிப்பார். இயலுமாயின் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வித்துவான்களை வருவிப்பார். புகையிலை வாணிபத்தில் வந்த பணமும், மலாயாவில் உத்தியோகம் பார்த்து மீண்டோரின் ஓய்வூதியமும் இவ்வாறு நாதசுரமாகவும் தவிலாகவும் மாறின. இப்போட்டியிற் பக்தியைவிடக் குடும்பப் பெருமையே மிகுந்திருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அளவெட்டியும் இணுவிலும் பெருங் கலைஞர்களின் ஊர்களாக விளங்கியதற்குப் பொருளியல் அடிப்படையாக நின்றது இவ்வுபயமே. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதசுரமும், இணுவில் விசுவலிங்கத்தின் மகனாகிய தெட்சணாமூர்த்தியின் தவிலும் இந்த மணல் வீதிகளிலேயே வளர்ந்தன.

கேட்பவர் காசு கொடுக்கவில்லை. ஆனால் ஒன்றுமே கொடாதிருந்தார் என்று சொல்லவியலாது. நாலைந்து மைல் நடந்து வந்தார். விடியும்வரை மணலிற் குந்தியிருந்தார். தாளம் பிசகினால் முகஞ்சுளித்தார். தனியாவர்த்தனம் முடியும் இடத்தில் அவரது கையும் தொடையைத் தட்டி நின்றது. அவர் தந்தது ஓர் இரவையும் ஒரு செவியையும். வாசிப்பவர் அந்தச் செவியை அஞ்சியே வாசித்தார்.

இங்கு ஒன்றை மறைத்துவிட்டுப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது. அந்த இலவசம் எல்லோருக்கும் உரியதாயிருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பல கோயில்களின் மதிலுக்கு வெளியே நின்றே மேளத்தைக் கேட்டனர். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் சத்தியாக்கிரகம் இருக்கவேண்டி வந்தது. வாசித்தவருக்கும் சாதிப் படியில் ஓர் இடம் வகுக்கப்பட்டிருந்தது. கலையைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள், கலைஞனைத் தமக்குச் சமமாகத் திண்ணையில் இருத்தத் தயங்கினர்.

இசையை வாசிப்பவனிடமிருந்து பிரித்தெடுத்து விற்கத்தக்க பண்டமாக்கியது இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடங்களே கொள்ளும் அத்தட்டுக்காக, மணிக்கணக்கில் விரியும் இராகம் சுருங்கிற்று. அதைச் சுழற்றும் பெட்டி வசதி படைத்தோர் வீட்டில் இருந்தது. வானொலியோ வேறு வகையானது. கொழும்பில் 1925 இல் தொடங்கிய ஒலிபரப்பு, காலப்போக்கிற் கிராமத்து வாசிகசாலைவரை வந்து சேர்ந்தது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கியபோது, இலங்கை வானொலி அவற்றைக் கடல் கடந்தும் கேட்கச் செய்தது. பாக்குநீரிணையின் இருபுறத்தும் பாட்டுக்கு உபயகாரராக நின்றவர்கள் சவர்க்காரமும் பற்பசையும் விற்ற விளம்பரதாரர்களே! எனினும் வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் மதில் தெரியாது. பிறப்பைக் கேட்டு அவை எவரையும் தடுத்து நிறுத்தவில்லை. இதனைச் சிறிய மாற்றமென்று நாம் கருதவில்லை.

பின்னர் கசற் வந்தது. எண்பதுகளில் யாழ்ப்பாண நகரத்து 'ரெக்கோடிங் பார்'களுக்கு நமது மூத்தோர் ஒரு தாளிற் பாட்டுகளின் பெயரை எழுதிக்கொண்டு போவர். தொண்ணூறு நிமிட நாடாவில் இருபது பாட்டளவே அடங்கும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு வாரம் யோசித்து எழுதிய பட்டியல் அது. கடைக்காரருக்குக் கூலி கிடைத்தது. பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ எதுவும் போகவில்லை. படைத்தவனுக்குக் கொடாமற் பிரதி செய்யும் வழக்கத்தை இணையம் கொண்டுவந்தது என்போர் இக்கடைகளை மறந்துவிடுகின்றனர்.

1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் மின்கலமும் தடுக்கப்பட்ட பொருளாயிற்று. அக்காலத்திற் சிறுவராயிருந்த நமக்கு இன்றும் கண்முன் நிற்பது, முற்றத்திலே தலைகீழாக நிறுத்தப்பட்ட சைக்கிள். பின்சில்லு ரயரில் டைனமோ உரச, தந்தையார் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவார். வயர் வழியே மின்னோட்டம் கசற் பெட்டிக்குச் செல்லும். கை ஓய்ந்தாற் பாட்டும் இழுபட்டுத் தளரும். பாடுபவர் அழுவதுபோல ஆகிவிடும், நாங்கள் சிரிப்போம். முறைவைத்துச் சுற்றினோம். ஒரு பாட்டு என்பது இத்தனை சுற்று உடலுழைப்பு என்று எந்தப் பொருளியல் நூலையும் படியாமலே அறிந்தோம். அந்த ஐந்தாண்டுகளிற் கேட்ட பாட்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றையேனும் நாம் மறக்கவில்லை.

2002 இல் ஏ-9 பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து வந்த பண்டங்களோடு எம்பி3 தட்டும் வந்தது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு! பட்டியல் எழுதும் வேலை அன்றோடு ஒழிந்தது. மேனாட்டில் 1999 இல் நாப்ஸ்ரர் தொடங்கிவைத்த இலவசப் பகிர்வு இசைத்தட்டுக் கம்பனிகளைக் கலங்கச் செய்தது. அதனைத் தொடர்ந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உலக இசைப்பதிவு வணிகத்தின் வருவாய் சரிந்தது. இங்கோ சரிவதற்கு அத்தகைய வருவாயே இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. தரவிறக்கம் கடைத்தெருவில் நடந்தது. இப்போது தரவிறக்கவும் வேண்டியதில்லை, தொட்டாற் பாடுகிறது. நாம் மாதந்தோறும் கட்டும் இணையப் பணம் தொலைத்தொடர்புக் கம்பனிக்குப் போகிறது. பாட்டின் நடுவே குறுக்கிடும் விளம்பரத்தின் பணத்திற் பெரும்பங்கு தவிற்காரர் வீட்டுப் படலையை எட்டுவதில்லை.

ஆகவே, காசு கொடாமையால் மதிப்புக் குன்றியது என்பது பிழையான கணக்கு. உபயகாரர் இருந்தபோது கேட்பவர் காசு கொடாதிருந்தும் கலைஞன் உண்டான். கேட்பவரும் தம் இரவைக் கொடுத்தார். இன்று அவ்விரண்டும் அறுந்துவிட்டன. பாட்டைப் பாதியிற் கைவிடுவதற்கு விரலசைவு ஒன்றே போதும். திருவிழாக்களில் உபயம் இன்னும் நடைபெறுகின்றது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் வருகிறது. மேளம் வாசிக்கப்படுகையில் எதிரே நிற்போரிற் பலர் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடிக்கின்றனர். தாளத்துக்குத் தொடை தட்டக் கை வெறுமையாக இல்லை.

ஆயினும் தெட்சணாமூர்த்தியை நினைக்கும்போது நமது வாதம் சற்றுத் தடுமாறுகிறது. 1933 இற் பிறந்து 1975 இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னரே மறைந்தவர் அவர். அவர் வாசித்த இரவுகளிற் பெரும்பாலானவை காற்றோடு போயின. எஞ்சியவற்றுட் பல, எவரிடமும் அனுமதி கேளாமல் ரசிகர்கள் நாடாவிற் பதிந்து வைத்தவை. அவை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. மதிலுக்கு வெளியே நின்றவரின் பேரப்பிள்ளையும் அவற்றைத் தன் வீட்டு விறாந்தையிலிருந்து கேட்கலாம்.

நம்மிடம் படிக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தவில் பழகுகின்றான். வெள்ளிக்கிழமைகளிற் பாடம் முடிந்த பின் வகுப்பறை வாங்கில் இருந்துகொண்டு, காதிற் செருகிய வயரோடு மேசையிலே விரலால் தட்டிக்கொண்டிருப்பான். என்ன கேட்கிறாய் என்றோம். தெட்சணாமூர்த்தி என்றான். முழுப்பதிவையும் அரை வேகத்துக்குக் குறைத்து வைத்திருந்தான். "அப்பத்தான் சேர் சொல்லுகள் பிரிஞ்சு விளங்குது" என்றான். ஒரே இடத்தை நாற்பது முறையேனும் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறானாம். அந்தப் பதிவு எந்தக் கோயிலில், எவருடைய திருவிழாவிற் செய்யப்பட்டது என்று வினவினோம். அவனுக்குத் தெரியவில்லை. காதிலிருந்த வயரில் ஒன்றைக் கழற்றி நம்மிடம் நீட்டினான். பின்னணியில் யாரோ இருமுவதும், தொலைவிற் கடலைக்காரி கூவுவதும் கேட்டன.