மந்திரி இல்லாத மந்திரிமனை

போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேராவைச் சென்ற வாரம் நல்லூர் எல்லையில் நிறுத்தியிருந்தேன். ஆண்டு 1619. அவன் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். அவன் பிடிக்க வந்த யாழ்ப்பாண அரசின் தலைநகரில் இன்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போருக்குப் போவோம்.

பருத்தித்துறை வீதியில், சட்டநாதர் கோயிலுக்குக் கிட்ட நிற்கிறது மந்திரிமனை. தடித்த சுவர், வளைவு வாசல்கள், மரவேலை செய்த முன்மண்டபம், ஓட்டுக் கூரை. காரை உதிர்ந்த சுவரில் காதலர்கள் பெயர் கீறியிருக்கிறார்கள். கடைசி அரசன் சங்கிலியனின் மாளிகைக்கும் யமுனா ஏரிக்கும் இங்கிருந்து சுரங்கம் போகிறது என்று கதை சொல்லாத நல்லூரான் இல்லை.

ஆனால் சங்கிலியனின் மந்திரி இந்தக் கூரையின் கீழ் படுத்திருக்க முடியாது. இந்த வளைவுகளும் மரவேலையும் ஒல்லாந்தர் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் காட்டுகின்றன. அருகிலுள்ள சங்கிலித்தோப்புத் தோரண வாசலின் கதையும் அதுவே. அரசு காலத்துக் கட்டடங்களை அழித்த பெருமை பறங்கியருடையது. 1621இல் கந்தசுவாமி கோயிலையே தரைமட்டமாக்கிய ஒலிவேரா மந்திரி வீட்டை மட்டும் விட்டுவைப்பானா? கோயில் கற்கள் கோட்டை கட்டப் போயின என்பார்கள். இன்றைய கோயில் எழுந்ததே 1734இல்தான்.

அப்படியானால் மந்திரிமனை பொய்யா? இல்லை. சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், யமுனா ஏரி என்று அரசு காலப் பெயர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய மனை நின்ற வளவில் புதிய வீடு எழுந்திருக்கலாம். அந்தப் பிந்திய வீடும் நம்முடைய சொத்துத்தான். அரசன் காலத்தது என்றால்தான் காப்போம் என்பது என்ன நியாயம்?

இதே பிடிவாதம்தான் சங்கிலியன் விஷயத்திலும். முத்திரைச்சந்தியில் அவனைச் சிலையாக்கிக் குதிரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒலிவேரா வில்லன்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பறங்கி வாள் எடுக்குமுன், 1617இல், சொந்த அரச குடும்பத்தாரையே வெட்டிச் சாய்த்து அதிகாரத்தைப் பிடித்தவன் நம் சங்கிலி குமாரன். பலியானவர்களில் ஒருவர் அரசகேசரி. தமிழில் இரகுவம்சம் பாடிய புலவர் இவரே என்பது மரபு. அந்தப் புலவரை நினைப்பவர் எத்தனை பேர்? காரைச் சுவரானாலும் கதாநாயகனானாலும், உள்ளபடி நேசிக்க நாம் பழகவேண்டும்.

இடம் தீர்ந்தது. ஒலிவேராவை அடுத்த வாரம் கட்டாயம் உள்ளே விடுகிறேன்.

(தொடரும்)