பால் தப்போனியே

பால் தப்போனியே (1947–2023) பிரான்சு நாட்டைச் சேர்ந்த புவியியலாளரும் புவி இயற்பியலாளரும் ஆவார். கண்டங்களின் உட்பகுதி எவ்வாறு உருமாறுகிறது என்பதையும், அவ்வுருமாற்றத்தில் நிலநடுக்கங்களை உண்டாக்கும் பெரும் பிளவுப்பெயர்ச்சிகளின் பங்கு என்ன என்பதையும் இவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆராய்ந்தார். இந்தியத் தட்டு மோதியதன் விளைவாக ஆசியாவின் பெரும் நிலத்துண்டுகள் கிழக்கு நோக்கிப் பிதுக்கித் தள்ளப்பட்டன என்னும் கருதுகோள் இவர் பெயருடன் இணைத்துப் பேசப்படுகிறது.

பிளவுப்பெயர்ச்சி என்பது பாறையில் ஏற்பட்ட வெடிப்பின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி இடம்பெயர்ந்திருக்கும் அமைப்பாகும். இக்கட்டுரையில் அது சுருக்கமாகப் பிளவு எனப்படுகிறது.

வாழ்க்கை

தப்போனியே ஆல்ப்சு மலையடிவாரத்திலுள்ள அன்சி நகரில் பிறந்தார். பாரிசு சுரங்கவியல் கல்லூரியில் பயின்றார். 1970களில் அமெரிக்காவின் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பீட்டர் மோல்னருடன் இணைந்து பணியாற்றினார். பின்னர் நெடுங்காலம் பாரிசு புவி இயற்பியல் நிறுவனத்தில் ஆய்வாளராக விளங்கினார். அங்கிருந்து சிங்கப்பூர் புவி ஆய்வு மையத்துக்கும், அதன்பின் சீனாவுக்கும் சென்றார். பிரான்சு அறிவியல் அக்காதமியின் உறுப்பினராகவும் இருந்தார்.

இந்தியாவும் ஆசியாவும்

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தட்டு யூரேசியத் தட்டுடன் மோதியது. அதன் பின்னும் இந்தியா 2,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே நகர்ந்துள்ளது. நகர்வு இன்றும் நிற்கவில்லை. இடையிலிருந்த நிலம் எங்கே போயிற்று என்பதே புவியியலாளர் முன்னிருந்த வினா. இமயமலையின் மடிப்புகளும் திபெத்தின் தடித்த மேலோடும் ஒரு பகுதிக்கே விடையளித்தன.

1972-இல் அமெரிக்கா ஏவிய லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் வெளியானபோது, வெளிநாட்டு ஆய்வாளர்கள் எளிதிற் செல்ல முடியாதிருந்த திபெத்தும் மங்கோலியாவும் மேற்குச் சீனாவும் முதன்முறையாக ஒரே பார்வையில் அகப்பட்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கத்தியால் கீறியது போன்ற நேர்கோடுகள் அப்படங்களில் தெரிந்தன. மோல்னரும் தப்போனியேவும் அக்கோடுகளை நிலநடுக்கப் பதிவுகளுடன் ஒப்பிட்டு, 1975-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஆல்ட்டின் தாக், குன்லுன் முதலிய பிளவுகளின் வழியே நிலத்துண்டுகள் பக்கவாட்டில் நழுவுகின்றன என்றும், தொலைவிலுள்ள பைக்கால் ஏரிப் பள்ளம் விரிவதுகூட இந்தியாவின் மோதலுடன் தொடர்புடையது என்றும் அதில் வாதிட்டனர். இரும்புத் துண்டொன்றை மென்மையான உலோகத்தில் அழுத்தும்போது உலோகம் எந்தக் கோடுகளில் வழுக்கும் என்பதைக் கணிக்கும் பொறியியற் கோட்பாட்டை, மறு ஆண்டில் ஒரு முழுக் கண்டத்துக்கே பொருத்திக் காட்டினர்.

களிமண் சோதனை

1982-இல் தப்போனியேவும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை பாடநூல்களில் இடம்பெற்றது. சிறுவர்கள் பொம்மை செய்யப் பயன்படுத்தும் பிளாஸ்டிசீன் என்னும் செயற்கைக் களிமண்ணை அடுக்கடுக்காக வைத்து, இரு தட்டுகளுக்கிடையே இறுக்கினர். தெற்கிலிருந்து ஒரு கட்டியை மெல்ல உள்ளே தள்ளினர். மேற்குப் பக்கம் சுவரால் அடைக்கப்பட்டிருந்தது. கிழக்குப் பக்கம் திறந்திருந்தது. கிழக்கில் பசிபிக் கடல்தளம் ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்து செல்வதால், அப்பக்கம் கண்டத்துக்குத் தடையில்லை என்பது இதன் உட்பொருள்.

கட்டி முன்னேறியதும் களிமண்ணில் ஒரு நீண்ட பிளவு தோன்றியது. அதன் தெற்கிலிருந்த துண்டு சற்றே சுழன்றபடி கிழக்கே வெளியேறியது. பின்னர் வடக்கே இன்னொரு பிளவு உருவாகி, அடுத்த துண்டு கிளம்பியது. முதல் துண்டை இந்தோசீனாவுக்கும் இரண்டாவதைத் தென்சீனாவுக்கும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். துண்டுகளிடையே விழுந்த இடைவெளி தென்சீனக் கடலை நினைவூட்டியது. இரு பக்கமும் அடைத்துச் செய்தபோது இத்தகைய ஒருபக்க வெளியேற்றம் நிகழவில்லை.

ஒப்புமை கண்ணைக் கவர்வது என்பதாலேயே அது மெய்யாகிவிடாது. ஆகவே தப்போனியேவின் குழுவினர் யுன்னான் மாநிலத்தின் செவ்வாற்றுப் பிளவை ஆராய்ந்தனர். ஏறத்தாழ 3.5 கோடி முதல் 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தோசீனா அப்பிளவின் வழியே பல நூறு கிலோமீட்டர் நழுவியது என்று, நசுங்கி நீண்டிருந்த பாறைகளைக் கொண்டு அவர்கள் கணித்தனர். அப்பிளவு இன்று எதிர்த்திசையில் நகர்கிறது. நகர்வின் மொத்த அளவையும், தென்சீனக் கடலின் திறப்புக்கு இதுவே காரணம் என்பதையும் எல்லோரும் ஏற்கவில்லை.

நழுவும் வேகம் பற்றிய கருத்து வேறுபாடு

கண்டம் என்பது சில உறுதியான துண்டுகளின் கூட்டம் என்பது தப்போனியேவின் நிலைப்பாடு. பிலிப் இங்கிலாந்து, டான் மெக்கென்சி ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள் 1982-இலேயே இதற்கு மாறான ஒரு மாதிரியை முன்வைத்தனர். கண்டம் பாகு போல மெதுவாகப் பாய்கிறது, பிளவுகள் அதன் மேற்பரப்பில் விழும் கீறல்களே என்பது அதன் சாரம். களிமண் தட்டுகளுக்கிடையே இறுக்கப்பட்டதால் அது மேலெழும்ப வாய்ப்பில்லை, திபெத்தோ 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்பது முதன்மையான எதிர்வாதம். மோல்னரும் பிற்காலத்தில் இப்பக்கமே சார்ந்தார்.

இரு தரப்பையும் சோதிக்க ஒரு வழி உண்டு. உறுதியான துண்டுகள் நகர்வதானால் அவற்றின் எல்லைப் பிளவுகள் விரைவாக நழுவ வேண்டும். ஆல்ட்டின் தாக் பிளவு ஆண்டுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை நழுவுகிறது என்று தப்போனியே குழு கூறியது. செயற்கைக்கோள் இடங்காட்டி அளவீடுகள் ஏறத்தாழ 10 மில்லிமீட்டரே காட்டின.

இவ்வேறுபாட்டின் ஒரு பகுதி ஆற்றுப் படித்தளங்களைப் படிக்கும் முறையில் அடங்கியிருந்தது. ஆறு தன் படுகையை ஆழப்படுத்தும்போது பழைய படுகை மேல் தளமாக நின்றுவிடும். மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் இடையிலுள்ள சரிவைப் பிளவு வெட்டி நகர்த்தும். நகர்ந்த தொலைவை அளக்கலாம். குவார்ட்சுப் படிகங்களில் அண்டக்கதிர்கள் உண்டாக்கும் பெரிலியம்-10 அணுக்களைக் கொண்டு தளங்களின் வயதையும் அறியலாம். ஆனால் எந்தத் தளத்தின் வயதைக் கொள்வது? கீழ்த் தளம் படுகையாக இருந்தவரை ஆறு சரிவை அரித்து நேராக்கிக்கொண்டே இருந்தது என்றால், நகர்வின் கணக்கு கீழ்த் தளம் கைவிடப்பட்ட நாளிலிருந்து தொடங்கும். காலம் குறைவு, ஆகவே வேகம் மிகுதி. ஆறு அவ்வாறு அரிக்கவில்லை என்றால் மேல் தளத்தின் வயதே சரி. வேகம் குறைந்துவிடும். செர்ச்சென் ஆற்றங்கரையில் தப்போனியே குழு முதல் முறையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் என்று கண்டது. அதே இடத்தை எரிக் கௌகில் 2007-இல் மறுபடி ஆய்ந்து, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் என்றார்.

இது ஏட்டளவிலான பூசல் அன்று. ஒரு பெரும் நிலநடுக்கத்தில் பிளவு 6 மீட்டர் நகரும் என்று கொண்டால், 27 மில்லிமீட்டர் வேகத்தில் அதற்குரிய அழுத்தம் ஏறத்தாழ 220 ஆண்டுகளில் சேரும். 9 மில்லிமீட்டர் வேகத்தில் 670 ஆண்டுகள் ஆகும். கட்டடங்களும் அணைகளும் எதைத் தாங்க வேண்டும் என்பது இவ்வெண்ணைப் பொறுத்தது. ஆல்ட்டின் தாக் பிளவைப் பொறுத்தவரை பின்வந்த பெரும்பாலான அளவீடுகள் குறைந்த வேகத்தையே ஆதரிக்கின்றன. குன்லுன் பிளவில் இத்தகைய முரண் பெரிதாக இல்லை. அங்கே தப்போனியே குழு கணித்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். 2001 நவம்பர் 14 அன்று 7.8 அளவுள்ள நிலநடுக்கம் அப்பிளவை 400 கிலோமீட்டருக்கு மேல் கிழித்தது. மக்கள் அரிதாக வாழும் பீடபூமி ஆதலால் உயிரிழப்பு நேரவில்லை. அதற்குத் தெற்கே 2021 மே மாதம் நேர்ந்த மாதுவோ நிலநடுக்கமோ (அளவு 7.4), துண்டின் எல்லையில் அல்லாது அதன் உட்புறத்திலுள்ள ஒரு சிறிய பிளவில் நிகழ்ந்தது.

1934 நிலநடுக்கத்தின் தடம்

1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்பேரிடர் தீண்டாமைக்குக் கிடைத்த தண்டனை என்று காந்தியடிகள் அதே மாதம் திருநெல்வேலிக் கூட்டமொன்றில் கூறியதும், இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணமே உண்டு என்று தாகூர் மறுத்ததும் பலரும் அறிந்தவை. அந்த இயற்கைக் காரணத்தின் தடம் மட்டும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக நிலத்தில் அகப்படவில்லை. பிளவு மேற்பரப்பை எட்டாமல் ஆழத்திலேயே நின்றுவிட்டது என்பது பொதுக் கருத்தாக இருந்தது.

நேபாளத்தின் சோமநாத் சாப்கோட்டா, பிரான்சின் லோரன் பொலிஞ்சே ஆகியோருடன் தப்போனியேவும் சேர்ந்து இதை மறுத்தார். இமயமலை அடிவாரத்தில் சிர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள கரைச்சுவர்களையும் தாங்கள் வெட்டிய அகழிகளையும் அவர்கள் அடுக்கடுக்காகப் படித்து, கரித்துண்டுகளின் வயதைக் கணித்தனர். 2013-இல் வெளியான முடிவு இது: 1934-இல் பிளவு குறைந்தது 150 கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்பரப்பைக் கிழித்திருக்கிறது. அதே இடம் 1255-இலும் கிழிந்திருக்கிறது. அவ்வாண்டு ஜூன் 7 அன்று காத்மாண்டு அழிந்ததும், மன்னர் அபயமல்லர் படுகாயமுற்று இறந்ததும் வரலாற்றில் உள்ளன. இரண்டுக்கும் இடைவெளி 679 ஆண்டுகள்.

2015 ஏப்ரல் 25 அன்று காத்மாண்டுக்கு வடமேற்கே தொடங்கிய 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தனர். அதன் கிழிசல் மேற்பரப்பை எட்டவில்லை. ஆகையால் அடிவாரத்தை ஒட்டிய பிளவின் மேற்பகுதியில் சேர்ந்துள்ள அழுத்தம் அப்போது வெளியேறவில்லை என ஆய்வாளர் கருதுகின்றனர்.

பிற ஆய்வுகள்

லெபனான் கடற்கரைக்கு அப்பால் கடலடியில் பிளவு ஒன்று இருப்பதைத் தப்போனியே பங்கேற்ற குழு 2007-இல் அறிவித்தது. கி.பி. 551-இல் பெய்ரூத் நகரை அழித்த நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் அதுவே காரணம் என்று அக்குழு கருதியது.