கோடியக்கரை டு நாகை: டச்சுக்காரர்களின் தலைநகரத்துக்கு கார் இல்லாம ஒரு நாள் டிரிப்!

'கையில துட்டு இருக்கா மச்சி?' என்று தினமும் கேட்கிறோம். அந்த 'துட்டு' டச்சுக்காரர்களிடமிருந்து வந்த வார்த்தை. அவர்களின் செப்புக்காசுக்குப் பெயர் 'டொய்ட்'. 'கக்கூஸ்' என்ற சொல்லும் அவர்கள் உபயம்தான். யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்றும் அலுவலகத்தை 'கந்தோர்' என்பார்கள். அதுவும் டச்சு!

நம்ம நாக்கில் இத்தனை வார்த்தைகளை விட்டுட்டுப் போனவர்கள், சோழமண்டலக் கரையில் தலைநகரமாக வைத்திருந்த ஊர் எது தெரியுமா? நாகப்பட்டினம். கோடியக்கரையிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரம்தான். பூநாரையும் வெளிமானும் பார்க்க கோடியக்கரை வருகிற பலர், அப்படியே வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நாகை அவர்களுக்கு வழியில் வருகிற பெயர்ப்பலகை மட்டும்.

அடுத்தமுறை ஒரு நாளை நாகைக்கு ஒதுக்குங்க. காரை விட்டுட்டு, பஸ்ஸிலும் நடந்தும் போங்க. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்றேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம்

'டச்சுன்னா தரங்கம்பாடி கோட்டைதானே?' என்று கேட்பவர்கள் நிறைய. இல்லை. தரங்கம்பாடியில் 1620-ல் வந்து டேன்ஸ்போர்க் கோட்டை கட்டியவர்கள் டென்மார்க்காரர்கள், அதாவது டேனியர்கள். டச்சுக்காரர்கள் என்றால் நெதர்லாந்துக்காரர்கள். பழைய தமிழில் ஒல்லாந்தர்.

1602-ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) முதலில் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் தலைமையிடம் வைத்திருந்தார்கள். 1658-ல் போர்த்துக்கீசியர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அதே வருடம் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. 1690-ல் தலைமையிடத்தையே நாகைக்கு மாற்றினார்கள்.

காரணம் எளிது. பின்னால் காவிரி டெல்டாவின் நெல், சுற்றிலும் நெசவு கிராமங்கள், எதிரே இலங்கை. இங்கே நெய்த பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றி, இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மசாலா வாங்குவதுதான் அவர்களின் முக்கிய வியாபாரம்.

1781 நவம்பரில் ஆங்கிலேயர்கள் நாகையைப் பிடித்தார்கள். 1784 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஊர் நிரந்தரமாக அவர்கள் வசம் போனது. ஆக, டச்சு ஆட்சி 120 வருடங்களுக்குக் கொஞ்சம் மேல்.

எப்படிப் போறது?

கோடியக்கரையிலிருந்து கிளம்புபவர்கள்: காலை முதல் பஸ்ஸிலேயே வேதாரண்யம் வந்துடுங்க. அங்கிருந்து வேட்டைக்காரனிருப்பு, திருப்பூண்டி, வேளாங்கண்ணி வழியாக நாகைக்கு பஸ் போகும். மொத்தமாக இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். போக வர டிக்கெட் செலவு, மல்டிபிளெக்ஸ் பாப்கார்ன் விலைகூட வராது.

தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள்: திருவாரூர் வழியாக நாகைக்கு ரயில் இருக்கிறது. இந்த ரயில் பாதையே ஒரு வரலாறு. 1861-62-ல் நாகையிலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போட்ட பாதை, தென் தமிழகத்தின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று.

கோடியக்கரைக்கே ரயிலில் வர நினைப்பவர்கள்: திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகலப்பாதையில் 2023 ஏப்ரல் முதல் ரயில் ஓடுகிறது. வேதாரண்யத்தை ஒட்டி இருக்கும் அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால், அங்கிருந்து கோடியக்கரைக்கு பஸ். நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கோங்க. இந்தப் பாதையில் ரயில்கள் குறைவு.

கார் ஏன் வேண்டாம்? கோடியக்கரை சாலை சரணாலயத்துக்குள்ளேயே போகிறது. வெளிமானும் காட்டுக்குதிரையும் குறுக்கே வரும். 2002-ல் இருந்து இது ராம்சார் பட்டியலில் இருக்கும் சதுப்பு நிலம். ஒரு பஸ்ஸில் 50 பேர் போவதும், 12 கார்களில் 50 பேர் போவதும் இந்த இடத்துக்கு ஒன்றல்ல. இன்னொரு காரணமும் உண்டு. நாகையில் டச்சு மிச்சங்கள் ரோட்டோரமாக போர்டு வைத்துக்கொண்டு நிற்காது. நடந்தால்தான் கண்ணில் படும்.

கோட்டையைத் தேடாதீங்க

இலங்கையின் காலிக்குப் போனவர்கள், அங்கே முழுசாக நிற்கும் டச்சுக் கோட்டையைப் பார்த்து அசந்திருப்பீர்கள். அதே நினைப்பில் நாகைக்கு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே கடலோரம் 'ஐம்புலன்கள்' என்ற அர்த்தத்தில் டச்சு மொழியில் பெயர் வைத்த ஒரு பெரிய கோட்டை இருந்தது. இன்று அது இல்லை.

இருப்பது என்ன?

புனித பீட்டர் தேவாலயம்: டச்சுக்காரர்கள் 1774-ல் கட்டியது. ஊர்க்காரர்களிடம் 'டச்சு சர்ச்' என்று கேட்டாலே வழி சொல்வார்கள். ஏழு வருடம் கழித்து ஊரே கைமாறப் போகிறது என்று தெரியாமல் கட்டிய கோயில்! உள்ளே போக வேண்டும் என்றால் அங்கிருப்பவர்களிடம் அனுமதி கேளுங்க. வழிபாடு நடக்கும்போது போட்டோ வேண்டாம்.

காரிக்கோப் கல்லறைத் தோட்டம்: டச்சுக் காலத்துக் கல்லறைகள் இங்கே இருக்கின்றன. தேய்ந்துபோன எழுத்துகளைப் படிக்க சிலர் சுண்ணாம்புத் தூளோ மாவோ தடவுவார்கள். அதைச் செய்யாதீங்க. கல் அரித்துப்போகும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், எழுத்தின் நிழல் விழுந்து தானாகவே தெரியும். கல்லறை மேல் உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பதையும் தவிர்த்துடுங்க.

டச்சுக்காரர்களுக்கு 650 வருடம் முன்னாடியே...

நாகை சர்வதேசத் துறைமுகமானது டச்சுக்காரர்களால் அல்ல. ராஜராஜ சோழன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய நாட்டு அரசன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்த விகாரத்தைக் கட்டினான். இன்றைய இந்தோனேசியா, மலேசியா பக்கத்து அரசன், சோழநாட்டில் கட்டிய விகாரம்! அதன் செலவுக்காக ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயைச் சோழ அரசு எழுதிக்கொடுத்தது. அதைப் பொறித்த 21 செப்பேடுகளும், குலோத்துங்கன் காலத்து 3 சிறிய ஏடுகளும், டச்சுக் காலத்தில் ஒரு பாதிரியாரின் குடும்பம் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனைமங்கலம் செப்பேடுகளுக்கு உலகம் முழுக்க 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஊருக்கு வடக்கே செங்கல் கோபுரம் ஒன்றும் வெகுநாள் நின்றது. கப்பல்காரர்கள் அதை 'சைனா பகோடா' என்று அழைத்தார்கள். 1867-ல் அது இடிக்கப்பட்டது. நாகையில் மண்ணுக்கடியில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்த வெண்கலச் சிலைகளில் பலவற்றைப் பார்க்க, இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

நாகையிலேயே பார்க்கக் காயாரோகணேஸ்வரர் - நீலாயதாட்சி கோயில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் இரண்டும் இருக்கின்றன. மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையிலேயே போயிடுங்க.

யாரும் சொல்லாத சரக்கு

டச்சு வியாபாரம் என்றதும் துணி, மிளகு, அரிசி என்றுதான் படித்திருப்போம். இன்னொரு சரக்கும் இருந்தது. மனிதர்கள்.

1659 முதல் 1661 வரை, பிஜப்பூர் படையெடுப்புகளால் தஞ்சை நாடு சீரழிந்தது. வயல் போனது, பஞ்சம் வந்தது. அந்த நேரத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான துறைமுகங்களில் டச்சுக் கம்பெனி 8,000 முதல் 10,000 பேரை அடிமைகளாக வாங்கியது என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானோர் இலங்கைக்கும், மற்றவர்கள் இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள். கவர்னர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கல்லறை இருக்கிறது. கப்பலேற்றப்பட்ட டெல்டாக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்து போகும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 'வெள்ளைக்காரன் என்னமா கட்டியிருக்கான்' என்ற வியப்போடு மட்டும் திரும்பினால், பாதி வரலாற்றைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மதியத்துக்கு மேல்: கடலும் நாகூரும்

கடுவையாறு கடலில் சேரும் இடம்தான் நாகையின் துறைமுகம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது இந்த மாவட்டம்தான். 6,000-க்கும் மேற்பட்டவர்கள். படகில் வேலை செய்பவர்களைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்க. மீன், காற்று, கடல் பற்றி எந்த கைடும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

2023 அக்டோபரில் நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. டச்சுக்காரர்கள் மல்லுக்கட்டிய அதே கடல்வழியில் இப்போது நம்மைப் போன்றவர்கள் பயணிக்கிறார்கள்.

மாலையில் டவுன் பஸ் பிடித்து நாகூர் போங்க. சாதாரண கட்டண டவுன் பஸ் என்றால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நாகூர் தர்காவின் உயரமான மினாரா 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வெளியே வந்ததும், இறால் வைத்துப் பொரித்த 'வாடா'வும், ரவையில் செய்யும் தம்ரூட்டும் சாப்பிடாமல் கிளம்பாதீங்க.

திரும்பும் கணக்கில் கவனம் தேவை. கோடியக்கரைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே வேதாரண்யத்தில் கேட்டு வெச்சுக்கோங்க. லேட்டாகும் என்று தோன்றினால் வேதாரண்யத்திலேயே ரூம் போடுவது உத்தமம். கோடியக்கரையில் வனத்துறை ஓய்வு விடுதியில் தங்க முன்அனுமதி வேண்டும்.

பைக்குள்ள என்ன இருக்கணும்?

* ஸ்டீல் பாட்டில். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் கோடியக்கரைக் காட்டோரத்தில் வீசும் கவரை மான் தின்னாது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.
* ஒரு மஞ்சப்பை. வாங்குகிற தம்ரூட்டுக்கும், நீங்கள் உண்டாக்குகிற குப்பைக்கும் தனித்தனியாக இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.
* தொப்பி, குடை. கடற்கரை வெயில் அக்டோபரிலும் சுடும்.
* சில்லறை. இளநீர்க் கடைக்கும் பஸ் கண்டக்டருக்கும் அதுதான் சௌகரியம்.
* தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. ஒரே நாளில் சர்ச், கோயில், தர்கா மூன்றுக்கும் போகிறீர்களே!

பறவையும் பார்க்க வேண்டும் என்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாங்க. ஆனால் நவம்பர், டிசம்பரில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீங்க. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடுவதும் வேண்டாம்.

கடைசியா ஒரு கணக்கு

நாகை, மத்தவங்க வந்து எடுத்துட்டுப் போன ஊர். துணியை எடுத்தார்கள், மனிதர்களை எடுத்தார்கள், செப்பேட்டையும் எடுத்தார்கள். சுற்றுலா என்ற பெயரில் நாமும் அதையே செய்யலாம். ஏசி காரில் வந்து, பத்து செல்ஃபி எடுத்து, காலி பாட்டிலைப் போட்டுவிட்டுப் போகலாம். இல்லையென்றால், சாப்பாட்டுக் காசை ஊர் மெஸ்ஸில் கொடுத்து, உப்பையும் மாங்காயையும் வேதாரண்யத்து வியாபாரியிடம் வாங்கி, குப்பையை மட்டும் நம்மோடு எடுத்துக்கொண்டு வரலாம்.

துட்டு டச்சு வார்த்தையாகவே இருக்கட்டும். உங்க துட்டு நாகையிலேயே தங்கட்டும்!